சாமி அலுமாரிக்குள் இருந்த பொயிலர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தம்பியின் மகன். அவனைச் சேர்க்காமல் எண்ணுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. ஊர் மன்னார். நாங்கள் வேதக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேலே படிக்க ஆசையா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து செவன் கிங்ஸில்தான் இருக்கிறேன்.

நான் செய்தது பொயிலர் வேலை; குளிர் நாட்டில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குகிற காஸ் இயந்திரம் அது. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் கைகளைப் பார்க்கிறார்கள். நான் ஒரு ஆணியும் கழற்றியதில்லை. காஸ் குழாயில் கை வைக்க எனக்குச் சட்டப்படி உரிமை இல்லை, வைத்ததும் இல்லை. ஆனால் ஒரு பழைய பொயிலரைத் திருத்துவதா, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதா என்ற முடிவில் பாதி என்னுடையது. மற்றப் பாதி யோகனுடையது.

யோகன் என் முதலாளி, யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். இப்போது ஓய்வு. வேலையை மகள் துளசி நடத்துகிறாள். அவளும் படித்துச் சான்றிதழ் எடுத்த பொயிலர்காரிதான். போன மாரியில் அவள் என் வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"மாமி, இப்ப வேலைக்கு வாற பெடியள் போனில படம் எடுத்து அனுப்பச் சொல்லுறாங்கள். படத்தைப் பாத்திட்டு மாத்து எண்டுறாங்கள். நீங்களும் அப்பாவும் என்னண்டு முடிவெடுத்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ. அவங்களுக்கு வாசிக்கக் குடுக்கப் போறன்."

"எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும் பிள்ளை."

"ஒரு அவசரமும் இல்லை, மாமி."

அவசரமில்லை என்றவள் ஒவ்வொரு ஞாயிறும் நான் கோயிலை விட்டு வெளியே வரும்போது போன் எடுக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

யோகன் எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர். பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தார், கடன்பட்டு ஒரு வான் வண்டி வாங்கினார், வேலைக்குரிய ஆயுதங்கள் வாங்கினார். எல்லாம் இருந்தது, கதவுதான் திறக்கவில்லை. பகலில் தமிழ் வீடுகளில் பெண்கள் தனியாக இருப்பார்கள். புருஷன்மார் கடையிலோ பெற்றோல் ஷெட்டிலோ ஷிப்டில் நிற்பார்கள். வெள்ளைக்காரன் வந்து தட்டினால்கூடத் திறந்துவிடுவார்கள், ஏனென்றால் அவன் யாரிடமும் போய்க் கதை சொல்லமாட்டான். தமிழன் தட்டினால் எந்த ஊர், யாருடைய மகன் என்று முதலில் விசாரணை நடக்கும். விசாரணை திருப்தியாக முடிந்த பிறகும், "அவர் வரட்டும் தம்பி" என்று கடிதம் போடுகிற ஓட்டை வழியாகச் சொல்வார்கள். அவர் வருவது ஊர் அடங்கிய பிறகு.

ஒருநாள் யோகன் என் குசினிக்கு வந்து நின்றார்.

"அக்கா, ஒருக்கா என்னோட வாங்கோ. வாசலில நிண்டாப் போதும்."

"நான் வாசலில நிக்கிற ஆள் இல்லைத் தம்பி. வந்தா உள்ளுக்கு வருவன். சம்பளமும் வேணும்."

அவர் யோசித்தார். யோசிக்கட்டும் என்று நான் மீனை வெட்டிக்கொண்டிருந்தேன். மீன் வெட்டி முடியுமுன் சரி என்றார்.

நான் வேலை பழகியது ஒரே ஒரு மாரிகாலம். நிலத்தில் விரிக்கிற துணி, டோர்ச் பிடிக்கிற கோணம், தண்ணீர் எங்கே ஒழுகும் என்று பார்த்து வாளி வைப்பது, ரேடியேட்டரில் காற்று அடைத்தால் எந்தச் சத்தம் கேட்கும் என்பது. அவ்வளவுதான்.

யோகன் வேலை செய்கிற முறையை இந்தப் பெடியள் பார்த்ததில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றி, போட்டிருந்த காலுறையையும் கழற்றி, வேறொரு சுத்தமான காலுறை போடுவார். பொயிலருக்கு முன்னால் போய் நிற்பார். உடனே திறக்கமாட்டார். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பேச்சில்லாமல் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி நிற்பார். பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, பொயிலருக்கு மேலே உள்ள சுவரைத் துடைத்து, துணியை விரித்து வீட்டுக்காரருக்குக் காட்டுவார். பிறகு, "கடைசியா இதில ஆர் கை வைச்சது?" என்று கேட்பார். ஒருவரும் இல்லை என்பார்கள். எல்லா வீட்டிலும் அதுதான் பதில். ஆணியின் தலையைப் பார்த்தால் மச்சானோ மருமகனோ கத்தியால் திருகிப் பார்த்தது தெரியும். அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றுவார்.

முடிவு சொல்லும்வரை அந்த வீட்டில் தேநீர் குடிக்கமாட்டார். "தேத்தண்ணி குடிச்சாப் பிறகு வாயால கெட்ட செய்தி வராது, அக்கா," என்பார். ஆனால் எங்கள் ஆட்களின் வீட்டில் தேநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் பொயிலர் பழுது என்றும் சொன்னால், இரண்டாவதை மன்னித்துவிடுவார்கள், முதலாவதை மன்னிக்கமாட்டார்கள். ஆகவே தேநீர் குடிப்பது என் வேலையாயிற்று. அவருக்கும் சேர்த்துக் குடித்தேன். என் சீனி வியாதி அந்தக் காலத்தில் வந்ததுதான்.

குடித்துக்கொண்டே கேட்பேன். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், குளிக்க வார்க்கிற குழந்தை இருக்கிறதா, யாருக்கு நெஞ்சுச் சளி, வீட்டை விற்கிற யோசனை உண்டா. பிறகு வானில் ஏறியதும் யோகன் கேட்பார்: "அக்கா, வீடு என்ன சொல்லுது?" அடுப்பு நீலமாக எரிந்து, பழுதான உதிரி கடையில் கிடைக்குமென்றால் திருத்துவார். பொயிலரின் உடம்பு வெடித்துத் தண்ணீர் ஒழுகினால் மாற்றச் சொல்வார். இந்த இரண்டுக்கும் என்னிடம் கேட்கத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி ஒன்று கிடக்கிறது. அங்கேதான் என் உத்தியோகம்.

கிங்ஸ்பரியில் ஒரு வீடு. பொயிலரில் ஒரு சின்ன விசிறி மட்டும் பழுது. யோகன் திருத்தலாம் என்றார். வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன் தம்பி, எங்களுக்குப் புதுசு போட வக்கில்லையெண்டு நினைச்சீரோ?" அடுத்த மாதம் மகளின் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அவர்கள் வீட்டில் புதுப் பொயிலர் பூட்டியிருக்கிறார்கள் என்பதை அந்த அம்மா எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தா. யோகன் விசிறியை மாற்றிவிட்டு வந்தார். அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுப் புதிது போட்டுக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை.

பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீடு, அறை அறையாக வாடகைக்கு விட்டது. பொயிலர் ஒருநாளும் நிற்காமல் ஓடுகிறது, மாற்றவேண்டும் என்று கூப்பிட்டார்கள். பொயிலரில் ஒன்றுமில்லை. ஒருவர் சூட்டைக் கூட்டுவார், அடுத்தவர் யன்னலைத் திறப்பார், குளிர்கிறது என்று மூன்றாமவர் இன்னும் கூட்டுவார். யோகன் சூடு கூட்டுகிற பெட்டியைக் கழற்றி வீட்டுக்காரரின் அறைக்குள் பூட்டிவிட்டார். அந்தப் பொயிலர் இன்றும் ஓடுகிறதாம்.

இனிப் பரமேசக்கா வீட்டுக் கதை. துளசி கேட்டது இதைத்தான்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சிவசம்பு அண்ணை மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பரமேஸ்வரி, எனக்குப் பரமேசக்கா. வீட்டை வாங்கும்போதே அங்கே இருந்தது அந்தப் பொயிலர். நிலத்தில் நிற்கிற வகை, வார்ப்பிரும்பு, சாப்பாட்டு அறையின் மூலையில் ஓர் அலுமாரிக்குள். அலுமாரி கிழக்கைப் பார்த்திருந்தது, கதவு இருந்தது, இளஞ்சூடாகவும் இருந்தது. எனவே பொயிலருக்குப் பக்கத்தில் தட்டு அடித்து, சாமிப் படங்களை வைத்து, விளக்கும் வைத்துவிட்டார்கள். லண்டன் வீட்டில் சாமிக்குத் தனி அறை கிடைப்பது கஷ்டம். பரமேசக்காவுக்கு முழங்கால் ஏலாமல் போனபோது அவவின் கட்டிலையும் மாடியிலிருந்து அந்தச் சாப்பாட்டு அறைக்கு இறக்கினார்கள். சாமிக்குப் பக்கத்தில் படுப்பது அவவுக்கு நிம்மதி.

இப்போதைய பொயிலர்கள் வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியே விடும். அந்தப் பழைய வகை வீட்டுக்குள் இருக்கிற காற்றை எடுத்து எரியும். அதற்காக அலுமாரியில் காற்று ஓட்டைகள் வைத்திருக்கவேண்டும். ஓட்டை அடைபட்டால் அடுப்பு மூச்சுத் திணறும், புகை புகைபோக்கி வழியாகப் போகாமல் வீட்டுக்குள் திரும்பும். அதில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது. அது ஆளைக் கொல்லும்.

நாங்கள் முதல் தடவை போனது ஐப்பசியில். ஓட்டைகளில் டேப் ஒட்டியிருந்தது. காற்று வந்து விளக்கு நூருகிறதாம், அணைந்து போகிறதாம். யோகன் டேப்பைக் கிழித்து, எல்லாவற்றையும் துப்புரவாக்கி, புகை ஒழுங்காகப் போகிறதா என்று சோதித்து, "இதை மூடக்கூடாது அம்மா" என்று இரண்டு தரம் சொன்னார். சுவரில் கரி இருந்தது. விளக்குக் கரி என்றார்கள். துடைத்தார். நஞ்சு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் சுவரில் பூட்டிவிட்டு வந்தோம்.

தை பிறந்து சில நாளில் சிவசம்பு அண்ணை போன் எடுத்தார். பொயிலருக்குள் எப்போதும் எரியவேண்டிய சின்னச் சுடர் அடிக்கடி அணைகிறது, உதிரி ஏதோ பழுது, வந்து மாற்றிவிடும் என்றார். போனோம். யோகன் காலுறை மாற்றிக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்றார். நான் பரமேசக்காவின் கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவவின் முகம் ஊதிச் சிவந்திருந்தது. நாள் முழுக்கத் தலையிடி, சாப்பிட்டது வெளியே வரும்போலச் சத்தி வருகிறது, பிறஷர் என்று நினைத்துக் குளிசை போடுகிறேன் என்றா. நான் காத்திருந்தேன். தேநீர் வரவில்லை.

தேநீர் வராத தமிழ் வீட்டில் நான் அதுவரை இருந்ததில்லை.

"அக்கா, வீட்டில ஏதும் துக்கமோ?" என்று கேட்டேன்.

"ஓம், பிலோமினா. இவரின்ர தமையன் ஊரில மோசம் போயிட்டார். துடக்கு. முப்பத்தொண்டு இன்னும் முடியேல்லை. உமக்கு வாய் நனைக்கவும் ஒண்டும் தரேலாமல் கிடக்குது."

சாவு நடந்த குடும்பத்தில் முப்பத்தொரு நாள் துடக்குக் காப்பார்கள். அந்த வீட்டில் பிறத்தியார் தண்ணீரும் குடிப்பதில்லை, வீட்டார் சாமிக்கு விளக்கும் கொழுத்துவதில்லை. அலுமாரிக்குள் பார்த்தேன். சாமித் தட்டைச் சீலை போட்டு மூடியிருந்தது.

யோகன் அப்போது வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்து விரித்தார். கறுப்பு.

"அது விளக்குக் கரி தம்பி," என்றார் சிவசம்பு அண்ணை. "அண்டைக்கே சொன்னனாங்கள்."

யோகன் எல்லாக் கதவையும் யன்னலையும் மூடச் சொன்னார். அவரிடம் ஒரு குச்சி உண்டு, கொழுத்தினால் வெள்ளைப் புகை வரும். அதைப் பொயிலரின் புகைவாய்க்குக் கிட்டப் பிடித்தார். புகை உள்ளே இழுபடவேண்டும். இழுபடவில்லை. திரும்பி அவர் முகத்துக்கு வந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, பழைய காலண்டர் மட்டை ஒன்றை உரித்து எடுத்தார். ஓட்டைக்கு மேல் அளவாக வெட்டி, டேப் போட்டு, வடிவாக ஒட்டியிருந்தது. அலாரம் எங்கே என்று கேட்டார். சாம்பிராணி போட்டால் கத்துகிறது என்று துவாயில் சுற்றி மேசை லாச்சியில் வைத்திருந்தார்கள்.

"அண்ணை, இதை நான் இப்ப நிப்பாட்ட வேணும்," என்றார் யோகன்.

"இந்தக் குளிரிலயோ? மட்டையத்தான் எடுத்திட்டீரே. சுடருக்குரிய சாமானைப் போட்டுவிடும். மிச்சத்தை முப்பத்தொண்டு முடியப் பாப்பம். ஆக்கள் வரப்போகினம், ஐயர் வரப்போறார்."

"புகைபோக்கியும் அடைச்சுப் போச்சு அண்ணை. அக்கா இண்டைக்கு இரவு இந்தக் கட்டிலில படுத்தா, விடிய எழும்புவா எண்டு நான் சொல்லமாட்டன்."

"எத்தினை வருசமாப் படுக்கிறா. விளக்குக் கரிக்கு இவ்வளவு கதையோ? என்ர வீடு தம்பி. நான் விடமாட்டன்."

வீட்டுக்காரர் மறித்தால் காஸ் அவசர ஆட்களைக் கூப்பிடவேண்டும். அவர்கள் வந்து மூடிவிட்டுப் போவார்கள், தெருவே வந்து பார்க்கும். யோகன் அந்தப் போனை விரும்பி எடுக்கிறவர் இல்லை. ஆனால் அன்றைக்குப் போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் பரமேசக்காவைக் கேட்டேன்:

"அக்கா, சாமிக்குச் சீலை போடேக்க சுவர் துடைச்சனீங்களோ?"

"பின்ன? படம், தட்டு, சுவர் எல்லாம் சவுக்காரம் போட்டுத் துடைச்சுப்போட்டுத்தான் மூடினனான்."

"அதுக்குப் பிறகு விளக்குக் கொழுத்தினனீங்களோ?"

"துடக்குக்குள்ள ஆரும் கொழுத்துவினமோ? என்ன கேள்வி கேக்கிறீர்?"

கேட்டுவிட்டு அவவே அந்தத் துணியைப் பார்த்தா. யோகன் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ," என்றா புருஷனிடம். "நான் கொழுத்தேல்லை." பிறகு யோகனிடம், "நிப்பாட்டும் தம்பி. இது என்ர வீடும்தான்," என்றா.

யோகன் காஸை மூடி, இனி பாவிக்கக்கூடாது என்ற சிவப்புத் தாளும் ஒட்டினார். யன்னல்களைத் திறந்தோம். பரமேசக்காவை வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் அந்த நஞ்சு இருந்தது. மூக்குக்கு ஒட்சிசன் முகமூடி போட்டு ஓரிரவு வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வானை நிறுத்திவிட்டு யோகன் துணியால் கையைத் துடைத்தார். அவருக்கு வார்ப்பிரும்பில் ஆசை.

"அக்கா, புகைபோக்கியை வழிச்சு, உள்ளுக்குக் கரி எடுத்து, ஓட்டையைத் திறந்துவிட்டா அது இன்னும் பத்து வருசம் ஓடும். இப்பத்தைய தகரம் மாதிரி இல்லை. ஓட்டையைத் திறந்தபடி வைச்சிருப்பினமோ?"

"சிவராத்திரி வரைக்கும் வைச்சிருப்பினம்."

"பிறகு?"

"பிறகு காத்தில விளக்கு நூரும். விளக்கு நூந்தா அபசகுனம், அதை எல்லாருக்கும் தெரியும். நஞ்சை ஆர் தம்பி கண்ணால கண்டது? மட்டை திரும்ப ஏறும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான கை.

"அப்ப மாத்துவம்," என்றார். "வெளிக் காத்தில எரியிறதைக் குசினிச் சுவரில போடுவம். அலுமாரி சாமிக்கே இருக்கட்டும்."

முடிவு எடுத்தது நாங்கள். எடுக்கவேண்டியவர் சிவசம்பு அண்ணை. அவர் மாட்டேன் என்றார். அது நல்ல இரும்பு, துப்புரவாக்கினால் போதும் என்றார். மாற்றினாலும் துடக்குக்குள் புதுப் பொருள் பூட்டக்கூடாது என்றார். பரமேசக்காவை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வேதக்கார வீட்டில் துடக்கு இல்லை என்பதால் அவ எந்தக் கதிரையிலும் இருக்கலாம். அவர் வரவில்லை. துக்க வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகேலாது என்று, தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு, யோகன் கொடுத்த மின்சார ஹீட்டருக்கு முன்னால் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார். முப்பத்தொன்று முடியும்வரை அவர்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்பதால் என் வீட்டிலும் மீன் நின்றது. "அம்மா, செத்தது எங்கட ஆளோ?" என்று என் கடைசி மகன் கேட்டான்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சோற்றில் கை வைக்கும்போது பரமேசக்கா சொன்னா:

"இஞ்சருங்கோ, எனக்கு இப்ப தலையிடி இல்லை."

"நல்லது."

"அங்க இருந்தது. இஞ்ச இல்லை."

"பிலோமினாவின்ர சாப்பாடு அப்பிடி."

"பிலோமினாவின்ர சாப்பாட்டில உப்பில்லை. அதில்லைக் காரணம்."

உப்பு இருந்தது. ஆனால் நான் குறுக்கே பேசவில்லை.

"உங்களுக்கு அந்த இரும்பு வேணுமெண்டா வைச்சிருங்கோ," என்றா. "நான் இஞ்சயே இருக்கிறன். முப்பத்தொண்டுக்கு ஐயர் வந்து, பெண்சாதி எங்க எண்டு கேட்டா, வேதக்கார வீட்டில குடியிருக்கிறா எண்டு சொல்லுங்கோ. ஏனெண்டு கேட்டா, அவர் இரும்போட இருக்கிறார் எண்டு நான் வந்து சொல்லுறன்."

மாதக்கணக்கில் அவ அவ்வளவு நீளமாகப் பேசியதில்லையாம். அதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர், குளிரில் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"பிலோமினா, தம்பிக்குச் சொல்லும். வந்து கழட்டட்டாம். கழட்டிறதுக்குத் துடக்கில்லை. புதுசு பூட்டிறது முப்பத்தொண்டுக்குப் பிறகுதான்."

இதில் யார் வென்றது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறுநாளே நாலு பேர் பிடித்து அந்த இரும்பைத் தூக்கினார்கள். சிவசம்பு அண்ணை குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலைவரைக்கும் பின்னால் போனார். முப்பத்தொன்று முடிந்த கிழமை குசினியில் புதுப் பொயிலர் ஏறியது. அலுமாரியில் இனி எரிவதற்கு ஒன்றும் இல்லாததால் யோகன் காற்று ஓட்டைகளைச் சீமெந்து போட்டு அடைத்துவிட்டார். இப்போது விளக்கு நூருவதில்லை.

பெடியளுக்கு நான் சொல்லவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போனில் எடுத்த படத்தில் சாமிக்குச் சீலை போட்டிருந்தது தெரியும். ஏன் போட்டிருந்தது என்று போய்க் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டால்தான் தெரியும். அந்த இரும்பில் திருத்தமுடியாத பழுது ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் மாற்றுவது கஷ்டமாக இருந்தது.

நான் கொப்பியில் எழுத எழுத என் பேத்தி ஜெனி கணினியில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சொல்கிறேன்: அவ்வளவுதான் பிள்ளை, முதலில இருந்து ஒருக்கா வாசி. சத்தமா வாசி, பரமேசக்கா அந்தக் கதிரையில இருக்கிறா, வலக் காதுதான் கேக்கும். உப்பைப் பற்றி எழுதினதை விட்டிட்டு வாசிக்காதை. அவ நித்திரையாப் போயிட்டா, எழுப்பிப்போட்டு வாசி.